தலைவரி கேட்காத அய்யா

அய்யா துணை

(பாளையம்பட்டி வட்டார அன்புக்கொடி மக்களுக்காக, ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்புக்குப் பின் சொல்லிய அருளுரை)

  

தாங்கலுக்கு வந்து அய்யாவிடம் மக்கள் சொல்லும் குறைகளைக் கவனித்துப் பாருங்கள். முன்பெல்லாம் நம் கரிசல்காட்டில் ஒரே குறைதான் இருந்தது. "அய்யா, மழை இல்லை" என்பார்கள். அந்தக் குறையில் ஊரே சேர்ந்திருந்தது. கண்மாய் வற்றினால் எல்லார் காடும் காய்ந்தது. பெரிய வீட்டுக் குதிரில் கொஞ்சம் கம்பும் குதிரைவாலியும் மிச்சம் இருந்திருக்கும். ஆனாலும் அவர்களும் இதே வானத்தைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள்.

இன்றைக்குக் குறையின் பேச்சு மாறிவிட்டது. "அய்யா, எனக்கு இல்லை" என்று சொல்வது குறைந்துவிட்டது. "அய்யா, அவனுக்கு இருக்கிறது, எனக்கு இல்லையே" என்று சொல்வது கூடிவிட்டது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் கார் நிற்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை மில் வேன் வரும் என்று விடியுமுன்னே இருட்டில் நிற்கிறது. ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த இரண்டு பேரில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறார். மற்றவர் திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார். இருவரும் ஊர்க் கொடைக்கு வந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு வலி இருக்கிறது. அந்த வலியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

மக்களே, மனிதனுக்கு இரண்டு துன்பம் உண்டு. ஒன்று பசி. மற்றொன்று தாழ்வு. பசி வயிற்றில் இருப்பது; ஒரு வேளைச் சோறு போட்டால் அந்த வேளைக்கு ஆறும். தாழ்வு நெஞ்சில் இருப்பது. எவ்வளவு சோறு போட்டாலும் ஆறாது. சில நேரம் சோறு போடுகிற கையே அந்தத் தாழ்வைக் கூட்டிவிடும். பசியைப் போக்குவது தர்மம் என்று நாம் எல்லோரும் அறிவோம். தாழ்வைப் போக்குவதும் தர்மம் என்று கற்றுத்தந்தவர் நம் அய்யா வைகுண்டர்.

இந்தத் தாழ்வு இன்றைக்கு எந்த அளவில் இருக்கிறது? உலகத்து ஏற்றத்தாழ்வைக் கணக்கெடுக்கும் அறிஞர்கள் சிலர், நம் இந்திய நாட்டைப் பற்றி 2024 மார்ச் மாதம் ஓர் அறிக்கை தந்தார்கள். நாட்டு மக்களை 100 பேராக வைத்துக்கொண்டால், அதில் உச்சியில் இருக்கும் ஒருவர் கைக்கு 2022-23ஆம் ஆண்டில் நாட்டு வருமானத்தில் 100-க்கு 22.6 பங்கு போனது என்கிறது அந்த அறிக்கை. சொத்துக் கணக்கில் அந்த ஒருவர் கையில் இருப்பது 40.1 பங்கு. 1980-களின் தொடக்கத்தில் அதே ஒருவரின் வருமானப் பங்கு சுமார் 6 தான். அறிஞர்கள் கணக்கைத் தொடங்கியது 1922-ல். வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்திலும்கூட உச்சியில் இருந்தவர் பங்கு இவ்வளவு பெரிதாக இல்லை.

பந்தியில் 100 பேர் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அண்டா நிறையச் சோறு இருக்கிறது. ஒருவர் இலையில் அண்டாவில் கால்வாசியை அள்ளிக் கொட்டினால் மீதி 99 பேர் மனம் எப்படி இருக்கும்? அவர்கள் இலையிலும் சோறு விழும். பட்டினி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சோறு தொண்டையில் இறங்குமா?

"இது வெறும் பொறாமை, அடுத்தவனைப் பார்த்து ஏன் எரிகிறாய்" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. பொறாமை தீயது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த வலி முழுவதும் பொறாமை அல்ல. 2003-ல் சாரா பிராஸ்னன், பிரான்ஸ் டி வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தென்னமெரிக்கக் குரங்குகளை வைத்து ஒரு சோதனை நடத்தியதை வெளியிட்டார்கள். குரங்கு ஒரு சிறு கல்லைக் கையில் கொடுத்தால் அதற்குக் கூலியாக ஒரு வெள்ளரித் துண்டு. இரண்டு குரங்குக்கும் வெள்ளரி கொடுத்தவரை இரண்டும் சந்தோஷமாக வேலை செய்தன. பிறகு அதே வேலைக்கு ஒன்றுக்கு மட்டும் திராட்சை கொடுத்தார்கள். உடனே மற்றக் குரங்கு கல்லைத் தர மறுத்தது. கொடுத்த வெள்ளரியை வாங்க மறுத்தது. அதுவரை ருசித்துத் தின்ற அதே வெள்ளரிதான்! வாயில்லாத சீவனுக்கே நியாயம் தெரிகிறது என்றால் மனிதனுக்குத் தெரியாதா? அந்த வலிக்குப் பெயர் நியாயத்தின் பசி.

இன்னும் ஒரு செய்தி. அமெரிக்க நாட்டில் 1972 முதல் 2008 வரை மக்களிடம் "நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா" என்று கேட்டுப் பதிந்த விடைகளை ஷிகேஹிரோ ஓய்ஷி என்ற அறிஞரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். ஏற்றத்தாழ்வு கூடிய ஆண்டுகளில் எளிய மக்களின் மகிழ்ச்சி குறைந்திருந்தது. வருமானம் குறைந்ததனால் இப்படி என்று நினைப்போம். அதுவல்ல காரணம் என்றார்கள். ஏற்றத்தாழ்வு கூடும்போது "மற்றவர் என்னை ஏமாற்றிவிடுவார், எவரையும் நம்ப முடியாது" என்ற எண்ணம் மக்களிடம் கூடுகிறது. அந்த எண்ணம்தான் மகிழ்ச்சியைத் தின்கிறது. பணம் போனால் சம்பாதிக்கலாம். பக்கத்து வீட்டான் மீதுள்ள நம்பிக்கை போனால் எங்கே போய்ச் சம்பாதிப்பது?

மகிழ்ச்சியை விடப் பெரியது நாளை மீதுள்ள நம்பிக்கை. அது எப்படிச் சாகிறது என்று நம் ஊர் மழையை வைத்தே சொல்கிறேன். புரட்டாசி மாதம். நாம் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கிறோம். வடக்கே மின்னுகிறது. பக்கத்து ஊரில் நல்ல மழை என்று செய்தி வருகிறது. நமக்குப் பொறாமை வருகிறதா? வராது. "அங்கே பெய்துவிட்டது, நாளைக்கு இங்கேயும் பெய்யும்" என்று மனம் துள்ளும். மறுநாளும் அங்கேயே பெய்கிறது. பொறுத்துக்கொள்கிறோம். மூன்றாம் நாளும், நான்காம் நாளும் அந்த ஊர்க் காட்டிலேயே பெய்து, நம் காட்டில் முளைத்த பயிர் சுருண்டுபோனால்? அப்போது அந்த மின்னலைப் பார்த்தாலே நெஞ்சு எரியும். நேற்றுவரை நம்பிக்கை தந்த அதே மின்னல்தான்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1973-ல் இதையே வேறு உவமையால் சொன்னார். மலையைக் குடைந்து போட்ட பாதையில் இரண்டு வரிசையாக வண்டிகள் நெரிசலில் மாட்டி நிற்கின்றன. பக்கத்து வரிசை நகரத் தொடங்கினால் முதலில் நமக்கும் சந்தோஷம் வரும். வழி திறந்துவிட்டது, அடுத்து நாம்தான் என்று. அவர்கள் போய்க்கொண்டே இருக்க, நம் வரிசை மட்டும் நின்றபடியே நின்றால் அந்தச் சந்தோஷம் கோபமாக மாறும். அடுத்தவன் உயர்வு ஏழைக்கு எப்போதுமே வேதனை தருவதில்லை மக்களே. "அவன் வந்த வழி எனக்கும் திறந்திருக்கிறது" என்று தெரியும்வரை அது விளக்கு. அந்த வழி அடைத்துவிட்டது என்று தெரிகிற நாளில் அது தீ.

நம் தெருவிலும் இதுதான் நடக்கிறது. முதன்முதலில் ஒரு வீட்டுப் பிள்ளை என்ஜினியர் ஆனபோது தெருவே மகிழ்ந்தது. "நம்ம தெருப் பிள்ளை" என்று சொல்லி, எல்லாரும் தங்கள் பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார்கள். கடன் வாங்கிப் படிக்க வைத்தார்கள். பல பிள்ளைகள் படித்துவிட்டு வந்து, படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல், பத்தாவது படித்தவர் பார்க்கும் வேலையையே பார்க்கிறார்கள். கடன் மட்டும் நிற்கிறது. இப்போது அந்த முதல் வீட்டைப் பார்த்தால் தெருவுக்கு மகிழ்ச்சி இல்லை. "அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்" என்று பெருமூச்சு விட்டுக் கதவை அடைத்துக்கொள்கிறோம். அந்தக் கதவடைப்பில்தான் கலி குடியேறுகிறது. குடிக்குப் போகிற இளைஞனையும், ஒரே நாளில் பணம் தருகிறேன் என்று சொல்லும் சூதாட்டத்தில் கைபேசியைத் தேய்க்கிற பிள்ளையையும் திட்டுகிறோம். அவன் நம்பிக்கையை எங்கே தொலைத்தான் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

இப்போது அய்யாவின் காலத்துக்கு வருவோம். கொல்லம் 1008 மாசி 20-ல், ஆங்கிலக் கணக்கில் 1833-ல், அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலில் அவதரித்து வந்தபோது திருவிதாங்கூர் நாடு எப்படி இருந்தது? எளிய மக்கள் தலைக்கு வரி கொடுத்தார்கள். கூலியில்லாத ஊழியம் செய்தார்கள். தாலிக்கும் தடிக்கும் அரிவாளுக்கும் பனையேறிப் பிழைக்கும் பாட்டுக்கும் ஆயம் வாங்கினான் நீசன் என்று அகிலத்திரட்டு அம்மானை கணக்குச் சொல்லுகிறது. பனையேறியிடம் தலைவரி வாங்குவதற்கும் செல்வந்தரிடம் தலைவரி வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் தலை ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு அது மடியிலிருந்து விழும் சில்லறை. மற்றவருக்கு அது பிள்ளையின் கஞ்சி. அதிலும் அன்றைக்குச் செல்வரையும் மேலோரையும் விட்டுவிட்டு எளியவர் தலைமேலேயே அந்த வரியை வைத்தார்கள்.

அந்த மக்களுக்கு அய்யா முதலில் எதைக் கொடுத்தார்? பொன்னைக் கொடுக்கவில்லை, நிலத்தைக் கொடுக்கவில்லை. முதலில் தலையை நிமிர்த்தினார். மேலோர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நின்றவனை, அந்தத் துண்டையே தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு இறைவன் முன்னால் நிற்கச் சொன்னார். இன்றும் பதிக்குள் ஆண்கள் எப்படிப் போகிறோம்? சட்டையைக் கழற்றிவிட்டு, தலையில் பாகை கட்டிப் போகிறோம். இதன் பொருளை யோசித்தோமா? செல்வமும் வறுமையும் தெரிவது சட்டையில். அதை வாசலிலே கழற்றச் சொன்னார். மானமும் மரியாதையும் தெரிவது தலையில். அதில் எல்லாருக்கும் ஒரே முடி சூட்டினார்.

அடுத்து, பள்ளியறையில் நிலைக்கண்ணாடி வைத்தார். கூலிக்காரரும் மில் முதலாளியும் அதன் முன்னால் நின்றால் அவரவர் முகமே தெரிகிறது. உனக்குள் இருக்கிற இறைவன் அடுத்தவனுக்குள் இருப்பவனைவிட ஒரு பிடி குறைந்தவன் அல்ல என்று காட்டும் கண்ணாடி அது. ஏழை தன்னைப் பார்த்துத் தலை குனியாதிருக்க ஓர் இடம் உலகத்தில் வேண்டும் அல்லவா? அதை அய்யா தந்தார்.

மூன்றாவதாக முத்திரிக் கிணறு. குளத்துக்கும் கிணற்றுக்கும் சாதிக் கணக்கு இருந்த காலத்தில், பதினெண் சாதியும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கச் செய்தார். ஒரே பந்தியில் உண்ணச் செய்தார். துவையல் தவசில் 700 குடும்பங்கள் கடற்கரையில் கூடி ஒரே ஒழுங்கில் குளித்து, துவைத்து, ஒரே உணவை உண்டு வாழ்ந்தார்கள். அங்கே இருந்தவன் இலை வேறு, இல்லாதவன் இலை வேறு என்று இருக்கவில்லை.

நான்காவதாக நாளையைக் கொடுத்தார். கலி அழியும், தர்மயுகம் பிறக்கும், அதில் எல்லோரும் ஒரு குடைக்குக்கீழ் வாழ்வார்கள் என்று சொன்னார். "இப்படியேதான் இருக்கும், இது உன் தலைவிதி" என்று நாடு சொல்லிக்கொண்டிருந்தபோது "இப்படியே இராது" என்று சொன்னார். அடைந்த வழியைத் திறந்து காட்டினார். அரசன் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்ததற்கு இதுவே காரணம். நம்பிக்கை உள்ள ஏழையைக் கண்டால் நீசனுக்கு நடுக்கம். ஒரு சாதியாரோடு மட்டும் இருப்பதாகச் சம்மதம் கேட்டபோது அய்யா இணங்கவில்லை என்பதை ஏடு வாசிப்பில் கேட்டவர்கள் அறிவீர்கள்.

தென்கோடியில் நடந்த இந்தக் கதைக்கும் நம் பாளையம்பட்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. தெற்கேயிருந்து கருப்பட்டி, கருவாடு என்று மாட்டுவண்டியில் ஏற்றி வந்த பனைநாட்டு வணிகர்கள் 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் தங்கித் தொழில் வளர்த்த ஊர்கள் ஆறு. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, ஆறாவது நம் பாளையம்பட்டி. களவு பயத்தால் சுவர் எழுப்பிப் பேட்டை கட்டினார்கள். உறவின்முறை அமைத்தார்கள். பொதுச் செலவுக்கு மகமை என்று ஒரு வழக்கம் வைத்தார்கள்.

மகமையின் நுட்பத்தைப் பாருங்கள். விற்ற சரக்கில், செய்த வணிகத்தில் ஒரு சிறு பங்கு பொதுவுக்கு. நிறைய விற்றவர் நிறையக் கொடுத்தார். கொஞ்சம் விற்றவர் கொஞ்சம் கொடுத்தார். விற்க ஒன்றும் இல்லாதவர் கொடுக்கவேண்டியதும் இல்லை. ஆனால் அந்தப் பணத்தில் வெட்டிய கிணற்றில் எல்லார் குடமும் ஒன்றுபோல் நிறைந்தது. அப்படிச் சேர்ந்த பொதுப்பணத்தில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை 1889-ல் தொடங்கியது. வீட்டுக்கு வீடு பெண்கள் உலையில் போடுமுன் எடுத்துவைத்த பிடியரிசியால் அந்தப் பள்ளி வளர்ந்தது என்று இன்றும் ஊரார் நன்றியோடு சொல்வார்கள். அங்கே படித்த ஒரு பிள்ளைதான் 1903-ல் பிறந்த காமராசர். தந்தையை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டவர். முதலமைச்சரானபின் 1956-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தார். ஊர் ஊராகப் பள்ளி திறந்தார். பிடியரிசியில் வளர்ந்த நம்பிக்கை நாடு முழுவதற்கும் சோறாகத் திரும்பி வந்தது.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். பேட்டைக்குச் சுவர் உண்டு. தன் கூட்டத்தார் தாழாமல் பார்த்துக்கொள்வது நல்லது; சுவருக்கு வெளியே நிற்பவர் தாழ்ந்தால் நமக்கென்ன என்று இருந்துவிட்டால் அது பாதி தர்மம். அந்த வித்தியாசாலை தன் கதவை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்தபோதுதான் தர்மம் முழுமை அடைந்தது. முத்திரிக் கிணற்றுக்கு அய்யா சுவர் வைக்கவில்லை. நம் தாங்கலுக்கும் சுவர் கூடாது. நெசவு செய்பவரும், மல்லிப்பூ எடுப்பவரும், வீதி கூட்டுபவரும், வடநாட்டிலிருந்து வந்து மில்லில் உழைப்பவரும் இங்கே ஒரே பந்தியில் உட்கார வேண்டும்.

இனி மனதில் படும்படி ஒன்று கேட்கிறேன். நம் ஊர்களில் திருவிழா என்றால் தலைக்கட்டு வரி போடுகிறோம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. "எல்லாருக்கும் ஒரே வரி, இதுதானே சமத்துவம்" என்று சொல்கிறோம். ஒரு தலைக்கட்டுக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடை வைத்திருப்பவருக்கு அது ஒரு பொழுது வியாபாரத்தின் லாபம். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு விதவைத் தாய்க்கு அது எத்தனை நாள் கூலி? அவர் கந்துவட்டிக்கு வாங்கி அந்த வரியைக் கட்டுகிறார். கட்டாவிட்டால் ஊர்க்கூட்டத்தில் பெயர் வாசிப்பார்கள் என்ற பயம். அய்யாவின் வாகனம் தெருவில் வரும்போது அந்தத் தாய் மகிழ்ச்சியோடு கும்பிடுவாரா, வட்டிக்காரர் முகத்தை நினைத்துக் கும்பிடுவாரா?

தலைவரியை எதிர்த்து வந்தவர் நம் அய்யா. அவருக்குத் திருநாள் நடத்த நாமே தலைவரி வாங்கலாமா? காணிக்கை வேண்டாம் என்று சொன்ன அய்யா, ஏழை வட்டிக்கு வாங்கிய பணத்தில் ஏற்றிய விளக்கையா ஏற்பார்? நம் ஊர் முன்னோர் மகமையில் கண்ட நுட்பத்தை நாம் ஏன் மறந்தோம்? வருவாய் உள்ளவர் வருவாய்க்குத் தக்கபடி கொடுக்கட்டும். இல்லாதவர் ஒரு நாள் உடலுழைப்பைக் கொடுக்கட்டும். இலை போடட்டும், தண்ணீர் இறைக்கட்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது கணக்கு எழுதுபவருக்கும் அய்யாவுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்க வேண்டாம். கொடுத்தவர் பெயரை உரக்க வாசித்தால் கொடுக்க முடியாதவர் பெயரையும் வாசித்தது போலத்தான். வாசிக்காத அந்தப் பெயர்தான் ஊருக்கு முதலில் கேட்கும்.

செல்வம் உள்ள அன்பர்களே, உங்கள்மேல் பழி சொல்வதாக நினைக்க வேண்டாம். உழைத்து ஈட்டியது பாவம் அல்ல. "போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்த மருந்தை இத்தனை காலமும் இல்லாதவனுக்கே ஊட்டிக்கொண்டிருக்கிறோம். இருப்பவனுக்குத்தான் அது முதலில் வேண்டும். மூன்றாவது வீடு கட்டும்போது "போதும்" என்று சொல்லிப் பாருங்கள். உங்களிடம் வேலை பார்ப்பவருக்குக் கூலி பேசும்போது, உங்கள் பிள்ளையின் ஒரு நாள் செலவை நினைத்துக்கொண்டு பேசுங்கள். தாங்கலில் அன்னதர்மம் செய்தால் பரிமாறிவிட்டுக் காரில் ஏறிப் போகாதீர்கள். அதே பந்தியில், அதே இலையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சோறு பசியை ஆற்றும். நீங்கள் பக்கத்தில் உட்கார்வது தாழ்வை ஆற்றும்.

இல்லாமையில் இருக்கும் என் மக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வலி நியாயமானது. ஆனால் அந்த வலியை மறைக்க அடுத்தவர் போல் வேடம் போடாதீர்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்த பந்தலைப் பார்த்து நாமும் கடன் வாங்கிப் பந்தல் போட்டால், பந்தல் மறுநாள் பிரிந்துவிடும், கடன் பேரன் காலம்வரை நிற்கும். குழுக்கடனில் தவணைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மொய் எழுதப் போகாதீர்கள். அய்யாவின் பிள்ளைகளுக்கு எளிய திருமணம் இழுக்கு அல்ல. தாங்கலில் அய்யா முன்னிலையில் தாலி கட்டி, கூடியவர்க்குக் கஞ்சி ஊற்றினாலும் அது நிறைந்த கல்யாணம்தான். கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பாருங்கள். அடுத்த வீட்டு மாடியை அளவுகோலாக வைக்காதீர்கள். உரிமையான கூலியைத் தலை நிமிர்ந்து கேளுங்கள். பிள்ளையின் படிப்பை எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீர்கள்.

வழி அடைத்துவிட்டது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு வழியைத் திறப்பது நம் எல்லோருக்கும் பொதுவான வேலை. அதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. பிடியரிசியை மீண்டும் தொடங்குவோம். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஒரு சிறு பானையில் போடுங்கள். ஞாயிறுதோறும் தாங்கலுக்குக் கொண்டுவாருங்கள். பாதி அன்னதர்மத்துக்கு. பாதியை விற்று, தேர்வுக் கட்டணமோ விடுதிக் கட்டணமோ கட்ட முடியாத ஒரு பிள்ளைக்குக் கொடுப்போம். எந்தச் சாதிப் பிள்ளை, எந்தத் தெருப் பிள்ளை என்று கேட்க வேண்டாம். வேலையில் அமர்ந்த பிள்ளைகள் மாதம் ஒரு ஞாயிறு வந்து, படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து, எந்தப் படிப்புக்கு என்ன வேலை, எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்லிக்கொடுங்கள். தன் காட்டில் மழை பெய்தவன் வாய்க்காலை வெட்டிவிட்டால்தான் அடுத்த காட்டானுக்கு அந்த மின்னல் மீண்டும் நல்ல சேதியாகும்.

தர்மயுகம் வானத்திலிருந்து ஒருநாள் இறங்கும் என்று காத்திருக்கும் நாம், அதன் சாயலை இந்தச் சின்னத் தாங்கலுக்குள் இப்போதே காட்டலாம். இங்கே வரும் ஓர் ஏழைக்கு, இந்த வாசலைத் தாண்டும் நேரமாவது தான் தாழ்ந்தவன் என்ற நினைப்பு வரக்கூடாது. அப்படி ஓர் இடம் ஊரில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அவர் நாளையும் எழுந்து நடப்பார்.

வருகிற திருநாள் கூட்டத்தில் தலைக்கட்டு வரி பற்றிப் பேச்சு வரும். அப்போது அந்த விதவைத் தாயை நினைத்துக்கொண்டு வாயைத் திறவுங்கள். தாழக் கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்று நமக்குச் சொன்ன அய்யா, அந்தக் கூட்டத்திலும் இருப்பார்.

எல்லோரும் ஒன்றுபோல் வாழ அய்யா அருள்வாராக.

அய்யா உண்டு.